ஜோசியர் நோட்டுகளை எடைக்குப் போடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த, கிராமத்து வீடுகளில் கிடக்கும் பழைய சுவடிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். புதன்கிழமை அதற்கு வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். இலக்கியச் சுவடி, வைத்தியச் சுவடி என்றால் சரி, ஜோசியக் கட்டுகளைக் காப்பாற்றி யாருக்கு என்ன லாபம், போனால் போகட்டும் என்பது அவர் வாதம். அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் பண்டிதன் இல்லை. 41 வருடம் மதுரையில் புத்தக பைண்டிங் செய்தவன். ஜோசியர் ஒருவருடைய நோட்டுகளை வருடம் தவறாமல் தைத்துக் கொடுத்தேன். கடைசியில் அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்பதையும் பார்த்தேன்.

புது மண்டபத்தில் புத்தகக் கடைகள் இருந்த காலம் அது. இப்போது அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஆறடிக்கு எட்டடியில் என் கடை. ஒரு கட்டிங் மெஷின், தைக்கிற சட்டம், மைதாப் பசை காய்ச்ச ஓர் அடுப்பு, அவ்வளவுதான். வக்கீல் ஆபீஸ் கட்டு, கோயில் கணக்கு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆய்வேடு என்று எல்லாம் வரும். வருடத்தில் ஒரு தடவை, கள்ளழகர் மலைக்குத் திரும்பின மறுவாரம், சோழவந்தான் தாண்டி வைகைக் கரையில் உள்ள ஊரிலிருந்து ஜோசியர் ஐயா வருவார். மஞ்சள் பையில் முந்தின வருடத்து நோட்டும் அந்த வருடத்து வாக்கியப் பஞ்சாங்கமும் இருக்கும். முதல் தடவை நோட்டைத் தைத்து முடித்துக் கட்டிங் மெஷினில் வைக்கப் போனேன். சட்டென்று கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஓரத்த மட்டும் வெட்டிராதீங்க. விஷயமே ஓரத்துலதான் இருக்கு" என்றார்.

பேரேடு மாதிரி நீளமான நோட்டு அது. சிவப்புக் கோட்டுக்கு இடப்பக்கம் தேதி, நாழிகை, ராசிக் கட்டம். வலப்பக்கம் வந்தவருடைய ஊர், வயது, கேட்ட கேள்வி, இவர் சொன்ன பலன். யாருடைய பெயரும் எழுத மாட்டார். அப்புறம் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில், பின்னால் என்ன நடந்தது என்று குறித்து வைப்பார். ஒரு பக்கம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "வாடிப்பட்டி. செவலைப் பசு, இடக்கொம்பு மடிந்தது, மூன்று நாளாகக் காணோம். தென்கிழக்கே நீர்க்கரையில் நிற்கும் என்றேன்." ஓரத்தில்: "12ஆம் நாள் கிடைத்தது. வடக்கே, மாட்டுப் பவுண்டில். என் கணக்கு தப்பு." பலித்தால் ஒரு புள்ளி மட்டும் வைப்பார். தப்பினால்தான் ஒரு வரி எழுதுவார்.

தைக்கிறவன் படிக்கக் கூடாது என்று எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஆனாலும் கண் போகத்தானே செய்யும். பர்மாவில் கப்பல் ஏறியதாகக் கடிதம் போட்ட தம்பி இன்னும் ஊர் வந்து சேரவில்லை என்று ஓர் அக்கா கேட்டது. கிணறு நாற்பது அடி போயும் ஊறவில்லை, இன்னும் வெட்டலாமா விட்டுவிடலாமா என்று கேட்டது. மூன்றாவது பிள்ளையும் தங்கவில்லை என்று ஒரு தாய் கேட்டது. மில்லில் ஆள் குறைக்கிறார்கள், என் பெயர் இருக்குமா என்று கேட்டது. 1951இல் தொடங்கி 58 நோட்டு. அதில் 26 நான் தைத்தவை.

ஒரு சித்திரையில் அந்த நோட்டு பிரஸ்ஸில் காய்ந்துகொண்டிருந்தபோது, ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் கடைக்கு வந்தார். திறந்து இரண்டு பக்கம் பார்த்தார். அப்படியே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இதே மாதிரி நோட்டு எழுதின ஒருத்தர் முன்னூறு வருஷத்துக்கு முந்தி லண்டன்ல இருந்தார் தெரியுமா?" என்றார். வில்லியம் லில்லி என்ற பெயரை நான் முதல்முதலில் கேட்டது அன்றைக்குத்தான். அப்புறம் அந்த லில்லி தன் வாழ்க்கையைத் தானே எழுதிய புத்தகத்தை, மறுபதிப்பில் வந்ததை, என்னிடமே பைண்டிங்குக்குக் கொடுத்தார். கூலிக்குப் பதிலாக எனக்குக் கதையைச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நாலைந்து சாயங்காலம் சொன்னார்.

லில்லி 1602இல் லெஸ்டர்ஷயரில் டைஸ்வர்த் என்ற சிற்றூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் லத்தீன் நன்றாகப் படித்தார். ஆனால் மேலே படிக்க வைக்க வீட்டில் வழி இல்லை. அப்பா கடனுக்காகச் சிறையில் இருந்தார். 1620 ஏப்ரலில் சரக்கு வண்டி ஒன்றின் கூடவே நடந்தே லண்டனுக்குப் போனார். போய்ச் சேர்ந்தபோது கையில் மிச்சம் ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், உடுத்தியிருந்த ஒரு ஜோடித் துணி, இரண்டு சட்டை. கில்பர்ட் ரைட் என்ற ஒரு பெரியவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த முதலாளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் எழுதத் தெரிந்த பையன் தேவைப்பட்டான். எழுத்து வேலையோடு செருப்புத் துடைப்பது, தெருக் கூட்டுவது, தேம்ஸ் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது எல்லாம் இவர்தான். ஒரே காலையில் 18 தொட்டி தண்ணீர் சுமக்கக் கைகொடுத்ததாக எழுதியிருக்கிறார். 1627இல் முதலாளி இறந்தார். அந்த வருடமே அவருடைய விதவையை லில்லி மணந்தார். அதற்குப் பிறகுதான் கையில் காசு புழங்கியது.

1632இல் ஜான் எவன்ஸ் என்ற வேல்ஸ்காரரிடம் ஏழெட்டு வாரம் ஜோதிடம் கற்றார். அந்தக் குரு அவ்வளவு நல்ல குரு இல்லை, ஆனால் கட்டம் போடக் கற்றுக் கொடுத்தார். அப்போது அந்தக் குருவிடம் இருந்தவை இரண்டே புத்தகங்கள். ஒன்று ஹாலி என்ற அரபுப் பண்டிதரின் பலன் நூல், மற்றது ஒரிகானஸ் கணித்த கிரக நிலை அட்டவணை. அவர் வீட்டுக்குள் போகும்போதெல்லாம் காட்டில் நிற்கிற மாதிரி இருந்ததாம் லில்லிக்கு. அந்தச் சமயம் டாட்டன்ஹாம் பாதிரியாராக இருந்த பெட்வெல் இறந்துபோனார். அவருடைய புத்தகங்கள் லண்டனில் லிட்டில் பிரிட்டன் என்ற தெருவுக்கு விற்பனைக்கு வந்தன. நம் புது மண்டபம் மாதிரி புத்தக வியாபாரிகள் இருந்த தெரு அது. லில்லி அங்கே போய்த் தன் ஜோதிட நூல்களில் மிகச் சிறந்தவற்றை அந்தக் குவியலிலிருந்து வாங்கினார். 1634இல் இன்னொருவருடைய புத்தகங்கள் விலைக்கு வந்தபோது அர்கோல் என்பவரின் கணித நூல் ஒன்றைப் பதினான்கு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். லண்டனுக்கு வந்த அன்று மடியில் இருந்த பணத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஒரே புத்தகத்துக்கு! வாங்கி அடுக்கி வைக்கவும் இல்லை. நாளுக்குப் பன்னிரண்டு மணி, பதினைந்து மணி, சில நாள் பதினெட்டு மணி நேரம் படித்ததாகச் சொல்கிறார்.

இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று தோன்றியது. அவர் புத்தகம் தேடி அலைந்த அதே வருடங்களில் இங்கே மதுரையை ஆண்டவர் திருமலை நாயக்கர், 1623 முதல் 1659 வரை. என் கடைக்குப் பக்கத்திலேயே நின்ற புது மண்டபம் அவர் கட்டியது. அந்த வருடங்களில் நம் ஊர் ஜோசியர்களும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காணாமல் போன மாட்டுக்கும் வராத மழைக்கும் பலன் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அவர்கள் வைத்திருந்த ஏடுகள் என்ன ஆயின என்று யாராவது சொல்ல முடியுமா?

லில்லியிடம் காணாமல் போன பொருளைக் கேட்டு நிறையப் பேர் வந்தார்கள். அவர் வீட்டுப் பொருளே ஒரு தடவை களவு போனது. 1638 பிப்ரவரி, அவர் ஹெர்ஷாம் என்ற கிராமத்தில் குடியிருந்த சமயம். தவக்காலத்துக்காக லண்டனில் மீன் வாங்கிப் படகில் அனுப்பச் சொல்லியிருந்தார். கிட்டங்கியை உடைத்து மீனைத் திருடிவிட்டார்கள் என்று படகுக்காரர் வந்து சொன்னார். சேதி காதில் விழுந்த நேரத்துக்குக் கட்டம் போட்டார். ஆற்றங்கரையில் குடியிருக்கும் மீன்பிடிக்கிற ஆள் என்று முடிவு செய்து, நீதிபதியிடம் வாரண்ட் வாங்கி, கான்ஸ்டபிளோடு போய், சந்தேகப்பட்ட அந்த ஒரே வீட்டைச் சோதனை போட்டார். மீனில் பாதி தின்றது போக மிச்சம் இருந்தது. வீட்டுக்காரப் பெண் ஒப்புக்கொண்டாள். மீனோடு ஏழு போர்ச்சுகல் வெங்காயமும் போயிருந்தன. அது எங்கே என்று கேட்டதற்கு, அது என்னவென்றே தெரியாமல் குழம்பு வைத்துவிட்டதாகச் சொன்னாளாம். மிச்ச மீனை அந்தப் பெண்ணுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் லில்லி.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? கட்டத்தோடு சேர்த்து எழுதி வைத்தார், 1647இல் தன் பெரிய பாடநூலில் அச்சிலும் ஏற்றினார். லத்தீனில் அடைந்து கிடந்த சாஸ்திரத்தை இங்கிலீஷில், எண்ணூறு பக்கத்துக்கு மேல், யாரும் படித்துக் கற்கிற மாதிரி எழுதினார். ஜோதிட நூல்கள் எவையெவை, எந்த ஊரில், எந்த வருடம் அச்சானவை என்று ஒரு பட்டியலும் அதில் கொடுத்தார். அந்தப் பட்டியல் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அவருடைய வருடப் பஞ்சாங்கம் 1644இல் முதல்முதலாக வந்தபோது ஒரு வாரத்துக்குள் தீர்ந்துபோனது. அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் யுத்தம் நடந்த காலம். அவர் பாராளுமன்றப் பக்கம். ஆனால் சார்லஸ் மன்னர் காவலிலிருந்து தப்பி எங்கே ஒளியலாம் என்று ஒரு பெண்மணி ரகசியமாக வந்து கேட்டபோது அதற்கும் பார்த்துச் சொன்னார். தப்பும் பண்ணியிருக்கிறார். 1652 மார்ச் 29 சூரிய கிரகணத்துக்கு அவரும் மற்ற ஜோசியர்களும் பயமுறுத்தி எழுதியதில் லண்டனே நடுங்கியது. கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. 1651இல் அவர் போட்ட படம் ஒன்றில் இரட்டையர் தீயில் விழுகிறார்கள். மிதுனம் லண்டனுக்கு உரிய ராசி என்பது அவர்கள் கணக்கு. 1666இல் நகரமே எரிந்ததும், உனக்கு எப்படி முன்னாலேயே தெரியும் என்று பாராளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. வயதான பிறகு வைத்தியம் படித்து லைசென்ஸ் வாங்கினார். சனிக்கிழமை தோறும் குதிரையில் கிங்ஸ்டன் போய் ஏழைகளுக்குக் காசு வாங்காமல் மருந்து சொல்வார். எங்கள் ஜோசியர் ஐயாவும் அமாவாசைக்கு அமாவாசை மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பார். அதற்குக் காசு வாங்கினால் மருந்து வேலை செய்யாது என்பார்.

லில்லி 1681 ஜூன் 9 விடியற்காலை இறந்தார். எலியாஸ் ஆஷ்மோல் என்று ஒரு நண்பர் அவருக்கு. பழம்பொருள், பழைய ஏடு எதைக் கண்டாலும் சேர்த்து வைக்கிறவர். நண்பருடைய சமாதிக்குக் கறுப்புச் சலவைக்கல் போட்டார். அதோடு நிற்கவில்லை. லில்லியின் மனைவி ரூத் அம்மாளிடம் போய் அந்த நூலகம் மொத்தத்தையும் ஐம்பது பவுனுக்கு வாங்கிக்கொண்டார். தேர்ந்தெடுத்து நாலு நல்ல புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆஷ்மோல் கொடுத்த பொருட்களால் ஆக்ஸ்ஃபோர்டில் 1683இல் ஒரு மியூசியமே திறந்தார்கள். கையெழுத்து ஏடுகளும் அங்கே போய், 1860இல் பாட்லியன் நூலகத்துக்கு மாறின. லில்லியிடம் உச்சத்தில் வருடத்துக்கு இரண்டாயிரம் பேர் வரை கேள்வி கேட்டு வந்தார்கள் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது என்றால், அந்த நோட்டுகள் அங்கே இருப்பதால்தான்.

பெட்வெல் இறந்தார், லில்லி வாங்கினார். லில்லி இறந்தார், ஆஷ்மோல் வாங்கினார். இனி எங்கள் ஊர்க் கதை.

ஜோசியர் ஐயா 2010 ஐப்பசியில் இறந்துபோனார். மறு சித்திரையில் அவர் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். வயதானவர், அலைய முடியவில்லை போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன். இரண்டு பையன்கள், ஒருவர் சென்னை, ஒருவர் கோயம்புத்தூர். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். 2011 ஆடி மாதம் ஒரு நாள், மேலமாசி வீதிப் பக்கம் தள்ளுவண்டியில் பருப்பு வடை வாங்கினேன். கிழித்த தாளில் வைத்துக் கொடுத்தார். தாளைப் பார்த்தேன். சிவப்புக் கோடு. ஓரத்தில் பென்சில் எழுத்து. எண்ணெய் பட்ட இடத்தில் கட்டத்துக்குள் "செ", "சனி" என்று மட்டும் தெரிந்தது. மடிப்புப் பக்கத்தில் நாலு ஊசித் துளை. துளைக்குத் துளை இடைவெளி ஒன்றேகால் அங்குலம். நான் போட்ட தையல் எனக்குத் தெரியாதா?

வடை வண்டிக்காரரிடம் கேட்டு, பழைய பேப்பர் கடையைக் கண்டுபிடித்துப் போனேன். கிலோ 8 ரூபாய்க்கு வாங்கியதாம். பஞ்சாங்கமெல்லாம் ஏற்கெனவே சிவகாசிப் பக்கம் லாரியில் போய்விட்டன. மூன்று நோட்டு மட்டும் அட்டை பிய்த்துக் கிடந்தது. என் காலிக்கோத் துணி அட்டைதான், எடைக்கு ஆகாது என்று தனியாகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மூன்றையும் வாங்கி வந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மாளிடம் போய், இது மதிப்பான பொருள், நான் விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். அந்த ஆள் நானாக இருந்திருக்கலாம். ஒரு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். அது இன்றைக்கும் எனக்கு மனசில் உறுத்தல்தான்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவர் சொன்னதுதான் ஜான் டீ கதை. லில்லிக்கு முந்தைய தலைமுறைக்காரர், எலிசபெத் ராணி முடிசூட நாள் குறித்துக் கொடுத்தவர், பெரிய கணித மேதை. மடாலயங்களைக் கலைத்தபோது அவற்றின் ஏடுகள் சீரழிந்ததைப் பார்த்துவிட்டு, அவற்றைத் திரட்டி ஒரு தேசிய நூலகம் வைக்க வேண்டும் என்று 1556இலேயே மேரி ராணிக்கு விண்ணப்பம் எழுதியவர். அரண்மனை கேட்கவில்லை. சரி என்று மார்ட்லேக்கில் தன் வீட்டிலேயே சேர்த்தார். அச்சு நூல் மூவாயிரம், கையெழுத்து நூல் ஆயிரம் என்பது அவர் சொன்ன கணக்கு. 1583இல் வெளிநாடு கிளம்பும் முன் உட்கார்ந்து முழுப் பட்டியல் எழுதினார். அவர் இல்லாத சமயத்தில் வீட்டில் சூறையாடல் நடந்தது. எடுத்துப்போன ஒருவர் ஜான் டீயின் கையெழுத்தின் மேலேயே தன் பெயரை எழுதிக்கொண்டார். ஆனாலும் அந்தப் பட்டியல் தப்பிவிட்டது. அதை வைத்துத்தான் எந்த நூல் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். லண்டன் ராஜாங்க மருத்துவக் கல்லூரி நூலகத்தில் மட்டும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

பட்டியலில் சேராமல் ஒளித்து வைத்த ஏடுகளும் அவரிடம் இருந்தன. அவர் இறந்து பல வருடம் கழித்து, மிட்டாய்க் கடைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் ஒரு பழைய மரப்பெட்டி வாங்கினார்கள். இருபது வருடம் வீட்டில் கிடந்த பெட்டியை ஒரு நாள் நகர்த்தியபோது உள்ளே ஏதோ உருண்டது. கம்பியை விட்டு நெம்பினால் ரகசிய அறை, அதில் ஜான் டீயின் கையெழுத்து ஏடுகள். என்னவென்று தெரியாமல் வைத்திருந்தார்கள். சமையல்காரப் பெண் அவற்றில் பாதியை எடுத்துப் பணியாரத்துக்கு அடியில் போட்டே தீர்த்துவிட்டாள். மிச்சப் பாதி 1672இல் ஒருவர் கைக்குப் போய்ப் பிழைத்தது. அவர் வேறு யாருமில்லை, அதே ஆஷ்மோல். தான் எழுதிய புத்தகம் ஒன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். இதைக் கேட்டு முடித்ததும் அந்த வடைத்தாள் என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து அவரிடம் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அந்த மூன்று நோட்டையும் எடுத்துக்கொண்டு, மதுரைக்கு வெளியே ஒரு நூலகத்துக்குப் போனேன். எந்த நூலகம் என்று சொல்ல விருப்பமில்லை. அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஓலையா இருந்தா வாங்கிக்கலாங்க. கையெழுத்து நோட்டுக்கு எங்ககிட்ட ரிஜிஸ்டர் இல்ல" என்றார். இந்த இடத்தில்தான் தங்கள் கட்டுரையிலும் ஒரு குறை. ஓலை என்றால் எல்லோருக்கும் பக்தி வருகிறது. வரவேண்டியதுதான். கரிவலம்வந்தநல்லூருக்கு ஏடு தேடிப் போன உ.வே.சாமிநாதையரிடம், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாயிற்று என்று சொன்ன நாடு இது. அவ்வளவு இழந்த பிறகு ஓலைக்கு மதிப்பு வந்திருக்கிறது. ஆனால் 1930, 1950, 1970 வருடத்து நோட்டுகள் இருக்கின்றனவே, நாட்டு வைத்தியர் எழுதியது, ஜோசியர் எழுதியது, கர்ணம் எழுதியது, அவற்றுக்கு அடுத்த ஐம்பது வருடத்தில் யாராவது கண்ணீர் விட்டால் என்ன பிரயோஜனம்? லில்லி எழுதியதும் அவர் காலத்தில் சாதாரணக் காகித நோட்டுதான்.

இப்போது அந்த வாசகருடைய கேள்விக்கு வருகிறேன். ஜோதிடம் உண்மையா என்று நான் வாதாட வரவில்லை. என் மகளுக்குப் பொருத்தம் பார்த்துத்தான் கட்டிக்கொடுத்தேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். லண்டனில் சைமன் ஃபோர்மன் என்று இன்னொரு ஜோசியர், அவருடைய சீடர் பாதிரியார் ரிச்சர்ட் நேப்பியர். இரண்டு பேரும் 1596 முதல் 1634 வரை எழுதிய கேள்வி நோட்டுகள் 64 தொகுதி. ஏறக்குறைய 80,000 கேள்விகள். இவையும் ஆஷ்மோல் கையால் பிழைத்தவைதான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து அத்தனையையும் பட்டியலிட்டு, யாரும் பார்க்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அவர்கள் ஜாதகம் கணிக்க அதைச் செய்யவில்லை, மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் எந்த வயதுப் பெண்ணுக்கு என்ன நோவு வந்தது, கப்பலில் போன புருஷனுக்காக யார் எத்தனை நாள் காத்திருந்தாள், மனம் பேதலித்தவரை வீட்டில் என்ன சொல்லி அழைத்து வந்தார்கள் என்பதெல்லாம் வேறு எந்த ரிக்கார்டிலும் கிடைக்காது. அரசாங்க ரிக்கார்டில் பிறப்பு இருக்கும், இறப்பு இருக்கும், வரி இருக்கும். நாற்பது அடி கிணறு ஊறாமல் போன ராத்திரி அந்தக் குடியானவன் என்ன கேட்டான் என்பது ஜோசியர் நோட்டில் மட்டும்தான் இருக்கும். சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி வரை அறுபது வருடத்துக் கவலை அத்தனையும் கிலோ 8 ரூபாய்க்குப் போயிற்று என்றுதான் நான் சொல்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஜான் டீ செய்த மாதிரி முதலில் பட்டியல். பொருளை யாரும் உடனே கொடுக்க வேண்டாம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்து ஊர்களில் எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எத்தனை நோட்டு, எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று கல்லூரி மாணவர்களை விட்டு எழுதச் சொல்லலாம். ஒரு லீவில் முடிகிற வேலை. 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கியபோது ஏடு தேடுவதற்கு ஊர் ஊராக ஆள் போனார்கள், அப்போது பஸ் வசதிகூட இல்லை. இன்றைக்குப் புதுநத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்திருக்கிறது, 2023 ஜூலையில் திறந்தார்கள். நான் மூன்று நோட்டோடு அலைந்தபோது அது இல்லை. அங்கே ஓர் அறை, கையெழுத்து நோட்டுகளுக்கு என்று ஒரு ரிஜிஸ்டர், வாங்கும்போது வீட்டுப் பெண்களிடம் கொடுக்க நியாயமான ஒரு தொகை, இவ்வளவு போதும். வாங்கினால் மொத்தமாக வாங்க வேண்டும். பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு நோட்டை விடுவதும், நோட்டை எடுத்துக்கொண்டு இடுக்கில் இருந்த கடிதத்தைப் போடுவதும் கூடாது. ஜோசியர் ஐயா பஞ்சாங்கத்தில் குறித்து வைத்த நம்பரைப் பார்த்தால்தான் நோட்டில் எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டையும் பிரித்தால் இரண்டும் ஊமை.

மிச்சமுள்ள மூன்று நோட்டு என் வீட்டில் இருக்கிறது. 1958, 1964, 1983. பசையில் மயில்துத்தம் கலந்து புதிதாகத் தைத்து வைத்திருக்கிறேன், பூச்சி வராது. பக்கத்துக்குப் பக்கம் ஊரும் கேள்வியும் எழுதி ஒரு பட்டியலும் போட்டிருக்கிறேன், 1,112 கேள்விகள். ஆய்வு செய்கிற பிள்ளைகள் யார் வந்தாலும் காட்டுவேன். கடையை மூடிவிட்டேன், சட்டமும் ஊசியும் வீட்டில்தான் இருக்கின்றன. இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் வீட்டில் தாத்தாவோ மாமாவோ எழுதின இப்படிப்பட்ட நோட்டு பிரிந்து கிடந்தால், தங்கள் அலுவலகம் மூலமாக எனக்குச் சொல்லி அனுப்பட்டும். தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம், நூலும் காலிக்கோவும் என் செலவு. ஓரத்தை வெட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பைண்டர்,
மதுரை.